சவுக்குக்காட்டுக்குள் ஒரு வீடு

எங்கள் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. வாசலுக்கு எதிரே நட்டிருந்த பலகையில், அனுமதியில்லாமல் உள்ளே நுழைகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. பலகை காட்டுக்காக வைத்தது. வீடு காட்டுக்குள் இருந்ததால் அது எங்களுக்கும் பொருந்திவிட்டது.

என் கணவர் வனத்துறையில் கார்டு. சுதந்திரம் வந்து பத்து வருஷம்போல ஆகியிருந்த சமயத்தில் அவருக்கு இராமேஸ்வரம் தீவுக்கு மாற்றல் வந்தது. நான் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அய்யா, சித்தப்பாமார், அவர்கள் பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர்கள் என்று எந்நேரமும் ஆள் நிறைந்திருக்கும். அடுப்படியில் ஒருத்தி பேச ஆரம்பித்தால் களத்தில் ஒருத்தி முடிப்பாள். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குக் கல்யாணம் வரை தெரியாது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இதற்கு அந்தப் பக்கம் என்ன காடு இருக்கப்போகிறது என்று அவரிடம் கேட்டேன். மணல் நடக்காமல் இருக்க வைத்த காடு என்று சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை. அந்தத் தீவில் மணல் உண்மையாகவே நடந்தது. காற்றுக் காலத்தில் மேடுகள் இடம் மாறிப் பாதையை மூடும், கிணற்றைத் தூர்க்கும், குடிசையின் ஒரு பக்கச் சுவர் உயரத்துக்கு ஏறி நிற்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் தங்கச்சிமடத்துக்குத் தெற்கே, தென்கடலை ஒட்டிச் சவுக்கு நட்டிருந்தார்கள். இடையிடையே முன்பே இருந்த உடைமரங்கள் குடை விரித்தாற்போல நின்றன. சுற்றிலும் உடைமுள் வெட்டிப் போட்ட வேலி. நடுவில் ஓட்டுக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, பக்கத்தில் ஓலைச் சார்ப்பில் அடுப்படி. அதுதான் எங்கள் குடித்தனம்.

சவுக்கு மரத்துக்குக் காற்று அதிகம் வேண்டாம். லேசாக அசைந்தாலே இரைய ஆரம்பித்துவிடும். வந்த புதிதில் அந்த இரைச்சலைக் கேட்டு யாரோ தூரத்தில் கூட்டமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்து எழுந்து வாசலுக்குப் போவேன். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். சில நாள் கழித்து எழுந்து போவதை விட்டேன்.

நாங்கள் வருவதற்கு முந்தின கோடையில் அந்தக் காட்டில் தீப்பிடித்து, நட்டு வளர்ந்திருந்த மரங்களில் ஒரு பகுதி கருகிப்போயிருந்தது. பீடித் துண்டா, யாரோ மூட்டிய அடுப்பா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் காட்டை முழுசாக மூடும்படி உத்தரவானது. அதுவரை காட்டுக்கு வடக்கே இருந்த ஊரிலிருந்து தென்கரைக்கு ஒரு பாதை காட்டுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ வேதக்காரர்கள், மீன்பிடிக்கிறவர்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் கோடை மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும் என்பதால் வடகடலில் தொழில் செய்வார்கள். வாடைக்காற்று திரும்பியதும் வடகடல் கெட்டுவிடும். அப்போது வள்ளங்களைத் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். அந்த மாதங்களில் வலையும் மீன்கூடையும் தலையில் சுமந்து ஆணும் பெண்ணும் போய்வந்தது அந்தப் பாதையில்தான். பெண்கள் அடுப்பெரிக்கச் சருகு வாரியதும் அதன் இரு பக்கத்திலும்தான். என் கணவர் பொறுப்பேற்ற வாரத்திலேயே ஆள் வைத்துப் பாதையின் இரண்டு முனையிலும் முள்ளைப் போட்டு அடைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் காட்டைச் சுற்றி, முழங்கால் புதையும் மணலில் நடக்க வேண்டியதாயிற்று.

அவர் கெட்டவர் இல்லை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. தரக்குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் தீ என்றால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. முன்பு மலைப்பக்கம் வேலை பார்த்தபோது காட்டுத் தீயை அணைக்கப் போய், உடன் வந்த ஒருவர் திரும்பி வராததைப் பார்த்தவர் அவர். அந்தக் கதையை ஒரே ஒரு முறை, அதுவும் பாதிதான், என்னிடம் சொன்னார். தீவுக்கு மாற்றல் வந்ததும் பீடியை விட்டுவிட்டார். நான் அடுப்பு அணைத்த பிறகும் சாம்பலில் தண்ணீர் தெளித்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

நாங்கள் வந்து கொஞ்ச நாளில் ஒரு காலைப்பொழுது, அவர் ஒரு பெண்ணை வீட்டு வழியாக அழைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன மாதா சுரூபம். முள்ளுக்கடியில் புகுந்து சருகு வாரியிருக்கிறாள். அவர் அவளுடைய சருகுக் கட்டையும், வாருவதற்குக் கொண்டுவந்த பனைமட்டையையும் வாங்கி எங்கள் வாசலில் வைத்துவிட்டு, இந்த ஒரு தடவை கேஸ் இல்லாமல் விடுகிறேன், போ என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கெஞ்சவும் இல்லை. போகும்போது என்னைப் பார்த்தாள். நான் அப்போது அடுப்படி வாசலில் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் பார்வை என்னிடமிருந்து என் அடுப்புக்குப் போனது. உள்ளே எரிந்துகொண்டிருந்தது அதே சவுக்குச் சருகுதான்.

அன்றிலிருந்து ஊர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. பேசக்கூடாது என்று அவர்கள் கூடி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. தானாகவே அப்படி ஆயிற்று. நல்ல தண்ணீருக்கு வேலிக்கு வெளியே மணலில் தோண்டிய ஊற்றுக்குத்தான் நானும் போக வேண்டும். தேங்காய்ச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்பும் இடம். நேரம் பிடிக்கும் என்பதால் பெண்கள் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மேடேறி வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். எனக்கு இடம் விடுவார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுக்கவும் விடுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. சிரட்டை மணலில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். நான் குடத்தை இடுப்பில் வைத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் பின்னால் பேச்சு மறுபடி தொடங்கும். அதைக் கேட்டுக்கொண்டே நடப்பேன். மீன் விற்கிறவர்களும் எங்கள் வேலியருகில் வருவதில்லை. அவருக்கு எப்போதுமே மீன் ஆகாது; எனக்கும் சேர்த்துப் பருப்பும் புளியும் வைத்துச் சமாளித்தேன்.

கணவர் விடிந்ததும் காட்டைச் சுற்றக் கிளம்பினால் உச்சிக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். பகல் முழுக்க நானும் மரங்களும்தான். வாடைக் காலத்தில், அந்தி நேரத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு செபம் சொல்வார்கள். வடக்கிலிருந்து அடிக்கும் காற்றில் அது எங்கள் வாசல்வரை வரும். ஒரு குரல் முன்னால் சொல்ல, பல குரல்கள் சேர்ந்து பதில் சொல்லும். எனக்குப் பொருள் பிடிபடாது. ஆனாலும் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்கிற இடத்தில் நானும் உதட்டை அசைப்பேன். சாமிக்காக இல்லை. நாலு பேரோடு சேர்ந்து வாயைத் திறக்க எனக்குக் கிடைத்த இடம் அதுதான். காற்று கச்சானுக்குத் திரும்பியதும் அதுவும் கேட்காமல் போயிற்று.

யாரும் வாராததால் காட்டுக்குள் சருகு சேர்ந்துகொண்டே போனது. ஊசி ஊசியாக உதிர்ந்து மெத்தைபோல் கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடந்தது. அடைத்த பாதையும் இருந்த இடம் தெரியாமல் மூடிவிட்டது. தீ தாண்டாமல் இருக்க இடையிடையே சருகை வழித்து வெறும் மணலாக வைத்திருக்க வேண்டும், அதற்குப் பெயர் பயர் லைன் என்று அவர் சொல்லியிருந்தார். ஆள் கேட்டு மேலே எழுதினார். வந்த ஆட்களைக் கொண்டு மேற்கு ஓரத்தில் ஒரு லைன் மட்டும் போட முடிந்தது. அந்தப் பெண்களை உள்ளே விட்டால் அவர்களே வாரிக்கொண்டு போய்விடுவார்களே என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சருகோட நிக்க மாட்டாக. நாளைக்குக் கிளைன்னுவாக, மறுநா மரம்பாக. போன தடவை எரிஞ்சப்ப இங்கன யார் பதில் சொன்னது? கார்டுதானே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மோரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு நாள் ரேஞ்சர் வரச்சொன்னார் என்று அவர் காலை ரயிலில் மண்டபம் போயிருந்தார். உச்சி சாய்ந்த நேரம். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. துணியில் சோப்பு வாசனைக்குப் பதிலாகப் புகை வாசனை வந்தது. அடுப்பைப் போய்ப் பார்த்தேன், அணைந்திருந்தது. வெளியே வந்து மேட்டில் ஏறிப் பார்த்தபோது தென்மேற்கே, கடற்கரையோரம், மரங்களுக்கு மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை எழுந்து எங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. எப்படிப் பிடித்தது என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரும். தீயை நான் அடுப்பிலும் சூளையிலும்தான் பார்த்திருந்தேன். இது வேறு மாதிரி இருந்தது. உயரமாக எரியவில்லை. பால் பொங்கி வழிவதுபோலத் தரையோடு தரையாகச் சருகில் படர்ந்து வந்தது. ஒரு சின்ன மரத்தின் அடிக்கு வந்ததும் சடசடவென்று உச்சி வரை ஏறி, மரத்தை ஒரு நொடி வெளிச்சமாக்கிவிட்டு, அடுத்ததற்குப் போனது. வெக்கையில் கண் எரிந்தது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஓடும்போதுதான் விளங்கியது. காற்று தள்ளுகிற பக்கத்தில் முதலில் எங்கள் வீடு. அதற்கு வடக்கே காடு முடிகிற இடத்தில் ஊர். அத்தனையும் பனையோலைக் கூரை.

வடக்கு வேலியில் பாதை அடைத்த இடத்துக்கு வந்தேன். வாசல் வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை. முள்ளைப் பிடித்து இழுத்து, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து பண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். கையெல்லாம் கிழிந்திருந்தது. அது வலித்ததாக நினைவில்லை. ஊரின் முதல் வரிசைக் குடிசைகளுக்கு முன்னால் பெண்கள் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள். புகையை அவர்களும் பார்த்துவிட்டிருந்தார்கள். ஆண்கள் வடகடலில். ஊரில் கிழவர்களும், கோயில் வேலை பார்க்கும் உபதேசியாரும்தான் இருந்தார்கள். நான் போய் நின்றதும் எல்லாரும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை யாரையும் அக்கா, மதினி என்று முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தீ இங்கேதான் வருகிறது, பாதையில் கிடக்கும் சருகை வழித்துவிட்டால் நின்றுவிடும், எல்லாரும் வாருங்கள் என்று எப்படியோ சொன்னேன். யாரும் அசையவில்லை. அன்று எங்கள் வாசலில் சருகுக் கட்டை விட்டுப் போனாளே, அந்தப் பெண் முன்னால் வந்தாள்.

"உள்ள வந்தா உங்க வீட்டுக்காரர் கேசு போடுவாரே."

கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"போட்டா எம்மேல போடட்டும்க்கா. நாங் கூப்பிட்டுத்தான் நீங்க வாரீக," என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கூரையைத் திரும்பிப் பார்த்தாள். கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கடகப்பெட்டியையும் பனைமட்டையையும் எடுத்துக்கொண்டு வரும்படி மற்றவர்களிடம் சொன்னாள். உபதேசியார் கோயிலுக்கு ஓடி மணியைப் பிடித்து அடித்தார். ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள்.

வேலியில் நான் போட்ட சந்து போதவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து முள்ளை இழுத்துத் தள்ளினோம். பாதை எங்கே என்று எனக்குத் தெரியாது, சருகு மூடியிருந்தது. அவர்களுக்குக் கால் சொன்னது. குறுக்கே ஓடி, வளைந்து, எங்கள் வீட்டுக்கு வடக்காகத் தென்கிழக்கே போகும் அந்தப் பாதை நெடுக வரிசையாக நின்றுகொண்டார்கள். மட்டையால் சருகை வழித்து வடக்குப் பக்கம் தள்ளினோம். தீ வருகிற பக்கம் தள்ளக்கூடாது என்று கணவர் சொன்னது ஞாபகம் வந்து அதைக் கத்திச் சொன்னேன். சிலர் வழிக்க, சிலர் கடகத்தில் மணல் அள்ளிக் குவித்து வைத்தார்கள். தீயை அடிக்கப் பச்சைக் கிளை வேண்டியிருந்தது. அரிவாளோடு வந்த உபதேசியார் ஒரு மரத்தடியில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். மரத்தை வெட்டலாமா என்று கேட்டார். அந்த நேரத்திலும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

தீ வந்தபோது அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. எங்கள் அடுப்படிச் சார்ப்பு பற்றிக்கொண்டு எரிவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஓட்டு வீடு பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. பாதைக்கு வந்த இடத்தில் தீ தடுமாறியது. வெறும் மணலில் அதற்கு ஏறப் பிடியில்லை. ஆனால் எரிகிற சவுக்குக் காய்கள் தெறித்து இந்தப் பக்கம் விழுந்தன. விழுந்த இடத்துக்கெல்லாம் ஓடி மணலைக் கொட்டினோம், கிளையால் அடித்தோம். ஒரு பெண்ணின் சேலையில் பற்றி, மற்றவர்கள் அவளை மணலில் உருட்டி அணைத்தார்கள். காலில் தோல் வழன்றுவிட்டது. அவள் அழவில்லை. உட்கார்ந்தபடியே மணலை அள்ளி அள்ளிப் பக்கத்தில் இருந்தவளின் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் தீ பாதைக்கு அந்தப் பக்கமே அடங்கிவிட்டது. தெற்கே முழுக்கக் கறுப்பு. நிற்கிற மரங்களிலிருந்து புகை மட்டும் எழுந்தது. எல்லாரும் ஊற்றுக்குப் போனோம். நான் ஓரமாக நின்றேன், பழக்கம். அந்த உயரமான பெண் சிரட்டையில் தண்ணீரை மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"எந்த ஊரு தாயி நீ?"

நயினார்கோவில் பக்கம் என்றேன்.

"அங்கன கடல் உண்டா?"

"இல்லக்கா. கம்மாய்தான்."

"கம்மாய்," என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. புகையில் எல்லாருக்கும் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அவர் மாலை ரயிலில் வந்தார். பாம்பன் தாண்டியபோதே புகையைப் பார்த்துவிட்டார். ஊர் வழியாக, பிரித்துப்போட்ட வேலி வழியாக உள்ளே வந்தார். சில பெண்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்த கட்டைகளுக்கு மணல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்கள். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கருகிய பக்கமாகத் தனியாக நடந்து போனார். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, அடுப்படி இருந்த இடத்தில் நின்று, சாம்பலைக் காலால் தள்ளிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

மறுநாள் ரேஞ்சர் வந்தார். நியாயமான மனுஷர்தான், ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். உடைமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலி பிரிந்து கிடப்பதையும், வெட்டுப்பட்ட கிளைகளையும், காடு முழுக்கக் கால்தடங்களையும் பார்த்திருந்தார். பாதையை அடைத்த கோபத்தில் ஊர்க்காரர்களே தீ வைத்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். யார் வைத்தது என்று தெரியாவிட்டாலும், மூடிய காட்டுக்குள் நுழைந்தவர்கள் மேல் கேஸ் எழுதியே ஆக வேண்டும் என்றார். பெண்கள் வேலிக்கு வெளியே கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். வேலியைப் பிரித்தது யார் என்று அவர் என் கணவரிடம் கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தக் காலத்தில் அதிகாரிகள் பேசும் இடத்துக்கு வீட்டுப் பெண்கள் வர மாட்டோம். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. நான்தான் பிரித்தேன், நான்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன்.

ரேஞ்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதட்டவில்லை. "வேலியைப் பிரிக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாதேம்மா," என்றார்.

"கெடையாதுங்கய்யா. கேட்டுக்கிறதுக்கு அங்கன ஆளும் இல்ல."

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்போது என் கணவர் தலையை நிமிர்த்தி, "நான் இருந்திருந்தாலும் பிரிச்சிருப்பேங்கய்யா," என்றார்.

அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் நான் கேட்டதில்லை.

கேஸ் எழுதவில்லை. சில மாதம் கழித்து உத்தரவு ஒன்று வந்தது. அந்தப் பாதையை அடைக்க வேண்டாம், அதை அகலமாக்கிப் பயர் லைனாக வைத்துக்கொள்வது, கோடைக்கு முன்னால் ஊர்ப்பெண்கள் அதையும் அதன் இரு பக்கத்தையும் சுத்தம் செய்து சருகை எடுத்துக்கொள்ளலாம், அரிவாளும் நெருப்பும் உள்ளே வரக்கூடாது, வாடைக் காலத்தில் தென்கரைக்குப் போகிறவர்கள் பாதையை விட்டு விலகாமல் போய்வரலாம். இவ்வளவுதான். அவர்கள்மேல் இரக்கப்பட்டு வந்த உத்தரவு இல்லை, காட்டுக்காக வந்தது. ஆனாலும் அவர்களுக்குப் பாதை கிடைத்தது. எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

சருகு வார வருகிறவர்களோடு நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் பேச்சில் பாதி கடல். எந்த மடிவலையில் சூடை மீன் பட்டது, எவருடைய வள்ளம் கரை தட்டியது என்று போகும். எனக்குப் புரியாது. நான் கதிரறுப்பைப் பற்றிச் சொன்னால் அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் நடுவில் இருக்கும்போதே சில சமயம் நான் வேறு எங்கோ இருப்பதுபோல இருக்கும். என்றாலும் பேச்சு நிற்பதில்லை. அது போதுமென்று இருந்தது.

அவர்கள் வருகிற நாட்களில் என் கணவர் காட்டின் மறு ஓரத்துக்குப் போய்விடுவார். முதலில் வேலை இருக்கிறது என்று நினைத்தேன். போகப்போகத்தான் தெரிந்தது, அவர் நின்றால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு ஊற்றில் நடந்தது இப்போது அவருக்கு நடந்தது. இல்லை, அவருக்கு முதலிலிருந்தே நடந்துகொண்டிருந்திருக்கும். அவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, இவ்வளவு நேரம் அவர்களோடு என்னதான் பேசுவாய் என்று கேட்டார். காலில் தீப்பட்டவளுக்குப் புண் ஆறியதை, இன்னொருத்தி மகளுக்குப் பாம்பனில் சம்பந்தம் பேசியதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "என்னையப் பத்தி எதுவும் பேசுறாகளா?" என்றார்.

இல்லை என்றேன். அதுதான் உண்மை. திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

அந்த வாடைக் காலத்தில், தென்கரையில் அவர்களுடைய குருசடித் திருநாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மணல்மேட்டில் கல்லால் ஆன ஒரு சிலுவை, அதைச் சுற்றி ஓலைப் பந்தல். அந்தி நேரத்தில் மெழுகுதிரிகளைக் கொளுத்தி மணலில் நட்டிருந்தார்கள். எனக்கு அந்த உயரமான பெண் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். என் கணவர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காடு முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டார். வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஒரு பச்சைக் கிளையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, திரிகளைப் பார்த்தபடி கடைசி மரத்தடியில் நின்றார். காற்று வடக்கிலிருந்து அடித்தது. பொறி பறந்தாலும் கடலுக்குத்தான் போகும். அது அவருக்கும் தெரியும்.

செபம் முடிந்து எல்லாருக்கும் இலையில் சோறும் மீன்குழம்பும் வைத்தார்கள். உபதேசியார் ஓர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்றும் தெரியவில்லை. அவர் கிளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். மீன் வாசனையே ஆகாதவர், முழுசாகச் சாப்பிட்டார்.

திரிகள் எல்லாம் அணைகிற வரை நாங்கள் இருந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். மறு வருஷம் அவருக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. அங்கே எங்களுக்கு ஊர் நடுவில், தெருவில் வீடு கிடைத்தது. அக்கம்பக்கத்தில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அங்கே பழக நாளானது. அவர் கடைசிவரை பழகவில்லை.